இரண்டாவது கோல்

"மைதானத்துக்குள்ள சமயத்தைக் கொண்டுவரக் கூடாது." இந்த வசனத்தைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வருகிறேன். கேட்டவுடன் தலையாட்டத்தான் தோன்றும். ஆனால் யாழ்ப்பாணத்தில் நின்றுகொண்டு இதைச் சொல்கிறவர்கள் ஒருதரம் தங்களைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். எங்கள் கழகங்களின் பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். நாவாந்துறையில் சென் மேரிஸ், பாசையூரில் சென் அன்ரனிஸ், மயிலங்காட்டில் ஞானமுருகன். கரையோர ஊர்களில் பங்குத் திருநாளை ஒட்டிச் சுற்றுப்போட்டி வைப்பார்கள். பாதர் வந்து செபம் சொல்லி, இரண்டு அணிக்கும் கைகொடுத்து, முதற்பந்தைத் தட்டிவிடுவார். சைவ ஊர்களில் நடுக்கோட்டில் கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைப்பார்கள். உள்ளே இறங்குகிற பெடியன் கோட்டைத் தாண்டமுதல் குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வான், இல்லாவிட்டால் சிலுவை போட்டுக்கொள்வான். சங்கிலியைக் கழற்றச் சொல்லி மத்தியஸ்தர் கட்டாயப்படுத்தினால், அதிலே தொங்குகிற சுரூபத்தை ஒருக்கால் முத்தமிட்டுவிட்டுத்தான் வெளியே நிற்கிறவனிடம் கொடுப்பான். இதையெல்லாம் சமயம் என்று யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பந்தடி என்றால் இப்படித்தான் இருக்கும் என்று பழகிவிட்டோம்.

அந்த வசனத்தை அண்மையில் ஒரு திருநாள் சுற்றுப்போட்டியில், நான் மதிக்கிற ஒருவரின் வாயிலிருந்து திரும்பவும் கேட்டேன். அன்றிலிருந்து அது மனதில் கிடந்து உறுத்துகிறது. அங்கே வரமுதல் கொஞ்சம் தூரத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

காகாவின் ரீசேட்

என் வயதுக்காரருக்கு, நம்பிக்கையை நெஞ்சிலே எழுதிக்கொண்டு வந்து நின்ற முதல் ஆட்டக்காரர் பிரேசிலின் காகாதான். 2002 உலகக் கிண்ண இறுதியாட்டம். யோக்கோஹாமாவில் பிரேசில் 2–0 என்று ஜேர்மனியை வென்ற நாள். அந்த ஆட்டத்தில் காகா இறங்கவேயில்லை. 20 வயது, வாங்கிலே இருந்தவர். முடிந்ததும் ஜெர்சியைக் கழற்றினார். உள்ளே போட்டிருந்த வெள்ளை ரீசேட்டில் 'நான் யேசுவுக்குச் சொந்தம்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. பிரேசில்காரர் எல்லோரும் மைதானத்தின் நடுவில் வட்டமாக முழங்காலில் நின்று செபித்தார்கள். போரால் மூடிக்கிடந்த, யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 பாதை திறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ரீவி முன்னால் குவிந்திருந்த எங்களுக்கு அந்த வட்டம் ஏதோ எங்களுக்காகவும் செய்ததுபோல் பட்டது. 2007இல் ஏதென்ஸில் மிலான் அணி லிவர்பூலை 2–1 என்று வென்றபோதும் அதே எழுத்து, அதே முழங்கால். அப்போது பாதை திரும்ப மூடியிருந்தது. படத்தைப் பிறகு பேப்பரில்தான் பார்த்தோம்.

இதில் நான் யோசிக்கிற விசயம் வேறு. காகா கத்தோலிக்கர் இல்லை. எங்கள் ஆட்கள் 'அல்லேலூயாக் கூட்டம்' என்று முகத்தைச் சுளிக்கிற சபை வழியில் வந்தவர். அந்த ஆண்டுகளில் ஒரு கத்தோலிக்க வீட்டுப் பிள்ளை சபைக்குப் போகத் தொடங்கினால் அந்த வீட்டில் மாதக்கணக்கில் சண்டை நடக்கும். சைவ வீடென்றால் இன்னும் மோசம். அப்படிச் சண்டை நடந்த ஒரு வீட்டில், முன் விறாந்தையில், திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்திலேயே காகாவின் போஸ்டரை ஒட்டியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். காகா எந்தச் சபை என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் வரவில்லை. அவர் எங்கள் ஒழுங்கைக்குள் குடியிருக்க வரப்போவதில்லையே.

உதைபந்தாட்ட உலகம் இந்த விசயத்தில் அவ்வளவு தாராளமாக இருக்கவில்லை. 2009இல் ஜொகன்னஸ்பேர்க்கில் கொன்ஃபெடரேசன் கிண்ண இறுதியில் அமெரிக்காவை 3–2 என்று வென்ற பிறகும் பிரேசில்காரர் அதேபோல் கூடிச் செபித்தார்கள். டென்மார்க்கின் உதைபந்தாட்டச் சங்கம் ஆட்சேபம் தெரிவித்தது; ஃபீஃபா பிரேசிலுக்கு விதிகளை நினைவூட்டியது. ஆட்ட விதிகளில் 4ஆவது, உடையிலே அரசியலோ சமயமோ சொந்த விசயமோ எழுதக் கூடாது என்கிறது. 2014இல் உள்ளே போடுகிற பெனியன்வரை அதை இறுக்கினார்கள். ஆனால் அந்த விதி துணியைப் பற்றியது. கையால் சிலுவை போடுவதையோ, வானத்தைப் பார்த்து விரல் காட்டுவதையோ, நெற்றியை நிலத்தில் வைப்பதையோ அது தடுக்கவில்லை. எங்கள் ஊர் மத்தியஸ்தர்கள் சிலருக்கே இந்த வித்தியாசம் பிடிபடுவதில்லை, அதனால்தான் இவ்வளவு விளக்கமாக எழுதுகிறேன்.

லிவர்பூல்காரர் பாடின பாட்டு

காகாவுக்குப் பிறகு சாலா. 2017இல் லிவர்பூலுக்கு வந்த மொஹமட் சாலா முதல் பருவத்திலேயே லீக்கில் மட்டும் 32 கோல் அடித்தார். 38 ஆட்டப் பருவத்துக்கு அப்போது அது சாதனை. கோல் அடித்ததும் கொஞ்சம் நின்று, பிறகு முழங்காலில் இறங்கி நெற்றியை நிலத்தில் வைத்து சுஜூது செய்வார். லிவர்பூல் ரசிகர்கள் அதை ஒரு பாட்டாகவே கட்டினார்கள். அவர் இன்னும் கொஞ்சம் கோல் அடித்தால் நாங்களும் முஸ்லிமாகிறோம், பள்ளிவாசலிலே போய் இருக்கிறோம் என்று பொருள்படும் பாட்டு. எங்கள் ஊர்ப் பெடியளும் அதைப் பாடினார்கள். ரமழான் என்றால் என்னவென்று அரைகுறையாகத் தெரிந்த பெடியள்கூட, நோன்போடு அவர் எப்படி ஓடுகிறார் என்று ஆச்சரியப்பட்டுக் கதைத்தார்கள். அதைக் கேட்க எனக்கு உண்மையிலேயே சந்தோசமாக இருந்தது.

சாலாவின் வருகை என்ன செய்தது என்று அளந்து பார்த்த ஆய்வொன்று 2021இல் வெளிவந்தது. லிவர்பூல் இருக்கிற மெர்சிசைட் பகுதியில் வெறுப்புக் குற்றங்கள், சாலா வராமலிருந்தால் இருந்திருக்கக்கூடிய அளவைவிட 16 வீதம் குறைந்தன என்றும், முஸ்லிம்களைத் திட்டி லிவர்பூல் ரசிகர்கள் இடும் பதிவுகள் மற்றப் பெரிய கழகங்களின் ரசிகர்களோடு ஒப்பிட்டால் பாதியளவாகின என்றும் அது சொன்னது. ஒரு மனிதன் பந்தடித்தும் தொழுதும் இவ்வளவு செய்ய முடியுமென்றால் அதைச் சின்ன விசயமென்று ஒதுக்க எனக்கு மனமில்லை. ஆனாலும் அந்தப் பாட்டில் ஒரு நிபந்தனை இருக்கிறது. இன்னும் கொஞ்சம் கோல் அடித்தால். அதைப் பாடும்போது யாரும் கவனிப்பதில்லை. 32 கோல் அடிக்காத முஸ்லிம் பெடியனுக்கு எந்தப் பாட்டு என்பது எனக்கு அந்தத் திருநாள் சுற்றுப்போட்டி வரைக்கும் ஒரு கேள்வியாகவே வந்திருக்கவில்லை.

அந்தக் காலிறுதி

ஊரின் பெயரும் கழகங்களின் பெயரும் வேண்டாம். கடற்கரையோரத்து மைதானம். குருமணலும் அங்கங்கே அடம்பன் கொடியும். காலிறுதி ஆட்டம், நாலரைக்குத் தொடங்கியது. வெளியிலிருந்து வந்த அணியில் எட்டாம் நம்பர் ஒரு முஸ்லிம் பெடியன். 18 வயது இருக்கலாம். வீட்டுக்காரர் புத்தளத்திலிருந்து திரும்பி வந்து சோனகத் தெருப் பக்கம் குடியேறினவர்கள். வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட 1990 ஒக்ரோபரைப் பற்றி இங்கே நான் எழுதத் தேவையில்லை. இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரைவிட்டுப் போகச் சொல்லப்பட்ட குடும்பமொன்றின் மூன்றாம் தலைமுறை அவன் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் கோணர் கிடைத்தது. பந்து இரண்டாவது கம்பத்தடிக்கு வந்தது. எட்டாம் நம்பர் எல்லோருக்கும் மேலாக எழும்பித் தலையால் முட்டினான். நல்ல கோல். எதிர் அணியின் ஊர்தான் என்றாலும் கைதட்டல் வந்தது, அந்தளவுக்கு நேர்மையான சனம். அவன் கோணர்க் கொடிக்கு ஓடினான். முழங்காலில் இறங்கினான். நெற்றியை மணலில் வைத்தான். ஒரு மூச்சு நேரம் இருக்கும். கைதட்டல் பாதியில் கலைந்தது. பின்னாலிருந்து ஒரு குரல்: "டேய் எழும்படா, இது பள்ளியில்ல!" பிறகு சிரிப்பு. சிரித்தவர்கள் கனபேர். அதே நேரத்தில் கோல் வலைக்குப் பின்னால் இரண்டு சின்னப் பெடியள், ஏழெட்டு வயது, முதுகிலே 11ஆம் நம்பர் போட்ட சிவப்பு ஜெர்சியோடு, அவனைப் பார்த்து அப்படியே மணலில் குப்புற விழுந்தார்கள். ஒருத்தன் கையில் ஐஸ்பழம். அது மணலில் படாமல் கையை மேலே தூக்கிப் பிடித்தபடி நெற்றியை வைத்தான். அவர்கள் நக்கலடிக்கவில்லை. ரீவியில் பார்த்ததைக் கண்முன்னால் கண்ட மகிழ்ச்சி அது. பக்கத்தில் நின்ற ஆள், தகப்பனோ மாமனோ, இரண்டு பேரையும் தோளில் பிடித்து இழுத்து எழுப்பினார். "என்னடா செய்யிறியள்?" என்றார்.

பெடியன் எழும்பி வந்தான். நெற்றியில் மணல் ஒட்டியிருந்தது. அவனது அணித்தலைவன், கத்தோலிக்கப் பெடியன், ஓடிவந்து தோளிலே கைபோட்டுக் கூட்டத்தின் பக்கம் தன் முதுகு வருகிற மாதிரி நடந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனான். அதை யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

இடைவேளைக்குப் பிறகு அவனே இரண்டாவது கோலையும் அடித்தான். பெட்டிக்கு வெளியிலிருந்து, இடது காலால். முதலாவதைவிட அழகான கோல். இந்தமுறை அவன் எங்கும் ஓடவில்லை. இரண்டு கையும் நெஞ்சுவரைக்கும் எழும்பின. அப்படியே கீழே விட்டுவிட்டான். திரும்பி நடுக்கோட்டுக்கு நடந்தான். அதற்குத்தான் அன்றைக்குப் பெரிய கைதட்டல் கிடைத்தது. எனக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர் நல்ல மனதோடு சொன்னார்: "இப்பதான் பெடியன் ஒழுங்கா விளையாடுறான்."

கத்தினவனைக்கூட நான் மறந்துவிடுவேன். எந்த மைதானத்திலும் ஒருத்தன் கத்துவான். அந்தக் கைதட்டலைத்தான் மறக்க முடியவில்லை. அதிலே கெட்ட எண்ணம் இருக்கவில்லை. ஒரு பெடியன் தன் சந்தோசத்தை விழுங்கிக்கொண்டதற்கு நாங்கள் கொடுத்த பாராட்டு அது.

"அது வேற தம்பி"

ஆட்டம் முடிந்து விளையாட்டுச் செயலாளரோடு கதைத்தேன். என்னைவிடப் பல வயது மூத்தவர். சண்டைக் காலத்திலும் அந்தக் கழகத்தைக் கலைய விடாமல் வைத்திருந்தவர். மோசமான மனிதர் என்று ஒருவரும் சொல்ல முடியாது. "அண்ணை, அந்தப் பெடியனுக்குக் கத்தினது சரியில்லை, மைக்கில ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றேன். "கத்தினது பிழைதான்" என்று உடனே ஒத்துக்கொண்டார். பிறகுதான் அந்த வசனம் வந்தது. "ஆனா தம்பி, மைதானத்துக்குள்ள சமயத்தைக் கொண்டுவரக் கூடாது. பெடியனும் அதை விளங்கிக்கொள்ள வேணும்." அவருக்குப் பின்னால் மேடையில் கிண்ணங்கள் அடுக்கியிருந்தன, அவற்றின் நடுவில் புனிதரின் சிறிய சுரூபம், மாலை போட்டு.

நான் ஆர்தூர் போருட்ஸைப் பற்றிச் சொன்னேன். கிளாஸ்கோவில் கத்தோலிக்கரின் அணி என்று பெயரெடுத்த செல்ற்றிக்கின் போலந்துக் கீப்பர். 2006இல், புரட்டஸ்தாந்துக்காரரின் அணி என்று பெயரெடுத்த றேஞ்சர்ஸின் மைதானத்தில் அந்த அணியின் ரசிகர்களுக்கு முன்னால் சிலுவை போட்டார். பொலிஸ் விசாரித்து, அரச வழக்குத் தொடுநர்கள் அவருக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள். சிலுவைக்காக மட்டுமில்லை, கூட்டத்தைப் பார்த்துக் காட்டின வேறு சைகைகளுக்காகத்தான் என்று பிறகு விளக்கமும் வந்தது. என்றாலும் உலகத்தில் கன கத்தோலிக்கருக்கு அது கொதிப்பைக் கிளப்பியது. அண்ணைக்கும் கிளப்பியது. "சிலுவை போடுறது ஒரு குற்றமோ? மனுசன் சும்மா தன்ர பாட்டுக்குச் செபிக்கிறான்" என்றார். "அப்ப இந்தப் பெடியன்?" என்று கேட்டேன். "அது வேற தம்பி" என்றார். என்ன வேறு என்று அவரும் சொல்லவில்லை, நானும் விடாப்பிடியாக நிற்கவில்லை. அவருக்குத் திருநாள் வேலை தலைக்கு மேலே இருந்தது.

என்ன வேறு என்று எனக்குத் தெரியும். கண்ணுக்குப் பழகின நம்பிக்கை கண்ணிலே படுவதில்லை. கிளாஸ்கோவில் புரட்டஸ்தாந்து ரசிகனுக்குச் சிலுவை ஒரு சீண்டலாகத் தெரிந்தது; எங்கள் கடற்கரையில் அதே சிலுவை மூச்சு விடுகிற மாதிரி. சுஜூது ரீவிக்குள் இருக்கும்வரை அழகு. எங்கள் மணலில் நெற்றி பட்டால் அது 'கொண்டுவந்த' சமயம். விபூதி பூசின பெடியனைப் பற்றிச் சைவக்காரனான எனக்கும் இதே குருட்டுத்தன்மை இருக்குமென்றுதான் நினைக்கிறேன். ஒரு சிங்களப் பெடியன் துரையப்பா விளையாட்டரங்கில் கோல் அடித்துவிட்டு இரண்டு கையும் கூப்பிப் புத்தரை வணங்கினால் எங்கள் கூட்டம் என்ன செய்யும் என்று கேட்டுப் பாருங்கள். 1994 உலகக் கிண்ண இறுதியில் பெனால்டியை வானத்துக்கு அடித்த ரொபேர்ட்டோ பாஜியோ பௌத்தர். அவருக்காக யாழ்ப்பாணத்தில் கண்ணீர்விட்டவர்கள் உண்டு.

ஈராக்கில் செய்த ஓர் ஆய்வைப் பற்றி இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். சாலா ஆய்வைச் செய்தவர்களில் ஒருவரான சல்மா மூசாதான் அதையும் செய்தவர், 2020இல் வெளிவந்தது. ஐஎஸ் இயக்கத்தால் துரத்தப்பட்ட கிறிஸ்தவர்களுக்கு உதைபந்தாட்ட லீக் ஒன்றை நடத்தி, சில அணிகளை முழுக்கக் கிறிஸ்தவர்களாகவும், சில அணிகளில் முஸ்லிம்களைக் கலந்தும், குலுக்கிப் போட்டுப் பிரித்தார்கள். கலந்த அணியில் ஆடிய கிறிஸ்தவப் பெடியள் அடுத்த பருவத்திலும் கலந்த அணியையே விரும்பினார்கள்; ஆறு மாதத்துக்குப் பிறகும் முஸ்லிம்களோடு பயிற்சிக்கு வந்தார்கள். தங்கள் அணியில் இல்லாத முஸ்லிம் ஆட்டக்காரருக்கும் நல்லொழுக்க விருதுக்கு வாக்களித்தார்கள். ஆனால் மைதானத்துக்கு வெளியே, மொசூலில் ஒரு கடைக்குச் சாப்பிடப் போவது போன்ற விசயங்களில், பெரிய மாற்றம் தெரியவில்லை. இதைப் படித்தபோது எனக்கு அந்த அணித்தலைவனின் முதுகுதான் ஞாபகம் வந்தது. கூட விளையாடினவனுக்குச் சுஜூது என்னவென்று தெரிந்திருந்தது. வேலிக்கு வெளியே நின்ற எங்களுக்குத் தெரியவில்லை. அந்த அணித்தலைவனைப் பிறகு ஒருநாள் சந்தித்தேன். எட்டாம் நம்பரைப் பற்றிக் கேட்டேன். "அவன் ஒண்டும் சொல்லேல்ல அண்ணை. 'எதுக்கு மச்சான் பிரச்சினை' எண்டான். அவ்வளவுதான்."

எதையும் செய்யலாம் என்கிறேனா?

இல்லை. மைதானத்தில் நம்பிக்கையின் பெயரால் செய்கிற எல்லாம் ஒன்றென்று நான் நினைக்கவில்லை. 2024 கடைசியில் இங்கிலாந்தில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். ஒருபாலின ஈர்ப்புள்ள ரசிகர்களும் ஆட்டக்காரரும் பயமில்லாமல் மைதானத்துக்கு வரவேண்டும் என்பதற்காக அணித்தலைவர்கள் வானவில் நிறக் கைப்பட்டி அணிகிற வாரம். கிறிஸ்டல் பலஸ் அணித்தலைவர் மார்க் கெஹி, தேவாலயப் போதகர் ஒருவரின் மகன், அந்தப் பட்டியை அணிந்து அதன் மேலே 'நான் யேசுவை நேசிக்கிறேன்' என்று எழுதிக்கொண்டு இறங்கினார். விதியை நினைவூட்டினார்கள். அடுத்த ஆட்டத்தில் 'யேசு உங்களை நேசிக்கிறார்' என்று எழுதினார். அந்த ஆட்டத்தில் எதிரணித் தலைவர் இப்ஸ்விச்சின் சாம் மோர்சி, முஸ்லிம். தன் நம்பிக்கையைக் காரணம் காட்டிப் பட்டியை அணியவேயில்லை. இரண்டு பேருக்கும் தண்டனை எதுவும் வரவில்லை. ரசிகர்கள் வழக்கம்போல் இரண்டாகப் பிரிந்து திட்டிக்கொண்டார்கள்.

கெஹியின் எழுத்தில் வெறுப்பு இருந்ததாக நான் நினைக்கவில்லை. அன்பைத்தான் சொன்னேன் என்று அவரே சொன்னார். ஆனாலும் அந்தப் பட்டி வேறு யாருடையதோ. தனியே நிற்கிற சிலருக்கு 'நீயும் வா' என்று சொல்ல வைத்த துணி. அதன் மேலே என் வசனத்தை எழுதினால், அந்த ஆளுக்கு அது அழைப்பாகக் கேட்குமா, திருத்தமாகக் கேட்குமா என்று நான் யோசிக்க வேண்டும். மோர்சி மறுத்தது எனக்கு உவப்பில்லை, என்றாலும் அது அவரோடு நின்றது. எட்டாம் நம்பர் வைத்தது தன் நெற்றியை. அதுவும் கோணர்க் கொடியடியில், யாருடைய அடையாளத்தின் மேலும் இல்லாத ஒரு துண்டு மணலில்.

பிரான்சைக் காட்டி என்னோடு வாதாடின நண்பன் ஒருவன் இருக்கிறான். அங்கே நோன்பு திறக்க ஆட்டத்தை நிறுத்தக் கூடாது என்று 2023இல் உதைபந்தாட்டச் சம்மேளனம் மத்தியஸ்தர்களுக்கு அறிவித்தது உண்மை. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு 1905இலிருந்து அரசையும் சமயத்தையும் பிரித்த ஒரு சட்ட மரபு இருக்கிறது. நடுக்கோட்டில் பாதர் நின்று செபம் சொல்வதில்லை, தேங்காய் உடைவதில்லை. அந்த வசனத்தைச் சொல்ல அவர்களுக்கு ஓரளவு வாய் இருக்கிறது. எங்களுக்கு இல்லை. எனக்கு எங்கள் திருநாள் சுற்றுப்போட்டிகள் அப்படியே வேண்டும். செபமும் கற்பூரமும் சுரூபமும் வேண்டும். அப்படியென்றால் அந்தச் சுஜூதுக்கும் இடம் இருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் இன்னொன்றும் நடந்தது. 2021 ஏப்ரலில் லெஸ்ரர் அணிக்கும் கிறிஸ்டல் பலஸுக்கும் ஆட்டம். பொழுதுபட்ட நேரம், பலஸ் கீப்பர் கோல் உதையை எடுக்காமல் கொஞ்சம் பொறுத்து நின்றார். அந்த இடைவெளியில் லெஸ்ரரின் வெஸ்லி ஃபொஃபானாவும் பலஸின் ஷெய்க்கு குயாட்டேயும் ஓரத்துக்குப் போய் நோன்பு திறந்தார்கள். இரண்டு அணியும் முன்கூட்டியே பேசி ஒத்துக்கொண்ட விசயம். பிறகு அது அங்கே நடைமுறையாகிவிட்டது. எங்கள் மின்னொளி ஆட்டங்கள் பல ரமழான் மாதத்திலும் நடக்கின்றன; யாழ்ப்பாணத்தில் அந்த மாதங்களில் பொழுதுபடுவது ஆறேகாலை ஒட்டி. பந்து வெளியே போகிற நேரம் பார்த்து மத்தியஸ்தர் ஒரு நிமிடம் பொறுத்தால் போதும்.

இதைக் கடிதமாக எழுதி அண்ணையிடம் போன கிழமை கொடுத்தேன். கூடவே, கோல் அடித்தவன் எப்படிச் செபித்தாலும் கூட்டம் கத்தினால் அறிவிப்பாளர் மைக்கில் கண்டிக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறேன். கண்ணாடியைப் போட்டு இரண்டுதரம் வாசித்தார். மைக் விசயத்தைக் கமிட்டிக்கு வைக்கிறேன், அதில் சண்டை வரும் என்றார். நோன்பு விசயத்தில், "அது செய்யலாம். பேரீச்சம்பழம் ஆர் வாங்குறது?" என்று கேட்டார். நான் வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.